‘அவளோடு சேராதே’ என்று சொல்லாத ஓர் ஆலோசனை மையம்: புதுச்சேரி அனுபவம்

புதுச்சேரி நகரின் வடபகுதியில் பதின்பருவத்தினருக்கென்றே நடத்தப்படும் ஒரு தனியார் உளவியல் ஆலோசனை மையத்துக்கு, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளைக் கடந்த சில மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். கொடுத்த பணத்துக்குக் குறையாத பயன் கிடைத்திருக்கிறது. ஆலோசகரின் வேலைக்கு முழு மதிப்பெண் தருவேன். வரவேற்பறைக்கும் அலுவலக நடைமுறைக்கும் தேர்ச்சி மதிப்பெண்கூடத் தர மாட்டேன். மையத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். நாங்கள் வசிக்கும் கடலூரும் புதுச்சேரியும் ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்கள். பெயரையும் மாதத்தையும் வகுப்பையும் சேர்த்துப் படித்தால், எந்தக் கண்களிலிருந்து இந்தச் செய்தியை மறைக்க விரும்புகிறோமோ அந்தக் கண்களே முதலில் கண்டுபிடித்துவிடும். பெயர் இல்லாவிட்டாலும், இத்தகைய சேவையில் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது மற்ற பெற்றோருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

எங்களை அங்கே கொண்டுசேர்த்த சிக்கல் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிக்கலாகவே தெரியாது. என் மகளுக்கு எதிரிகள் யாரும் இல்லை. நெருங்கிய தோழிகள்தான் இருந்தார்கள். நால்வர் குழு, அதற்கு நடுநாயகமாக ஒருத்தி. நள்ளிரவு கடந்து அவள் அனுப்பும் செய்திக்கும் உடனே பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுநாள் மதிய உணவு வேளையில் முகம் திருப்பல். இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது ‘உண்மையான நட்புக்கு’ அடையாளமாக இருந்தது. என் மகள் அந்தரங்கமாக எழுதிய ஒன்றை அந்தத் தோழி திரைப்பிடிப்பாக எடுத்து வேறு குழுவில் போட்டுவிட்டு, அவள் அழுதபோது, ‘சும்மா கலாய்ச்சேன், இதுக்கெல்லாம் அழுவியா?’ என்று கேட்டிருக்கிறாள். பிறகு ஒரு வாரம் தாங்கு தாங்கென்று தாங்குவாள்; பிறந்தநாளுக்கு நள்ளிரவில் முதல் வாழ்த்தும் அவளிடமிருந்துதான் வரும். அடுத்த வாரம் மூவரை மட்டும் வைத்துப் புதிய வாட்ஸ்அப் குழு ஒன்று உருவாகும், அதன் பெயர் என் மகளின் காதில் விழும்படி வகுப்பில் உச்சரிக்கப்படும். நாங்கள் சின்ன வயதில் காலையில் காய் விட்டு மாலையில் பழம் விட்ட சண்டைகளோடு இதை ஒப்பிட்டுச் சிரித்த உறவினர்கள் உண்டு. அந்தச் சண்டைகள் பள்ளி மணியோடு முடிந்தன. இது தலையணைக்கு அடியில் ஒளிரும் திரையில் இரவு முழுவதும் தொடர்கிறது.

உடம்புதான் முதலில் பேசியது. ஞாயிறு மாலையானால் வயிற்றுவலி, திங்கள் காலையில் குமட்டல். குழந்தைநல மருத்துவர் பரிசோதனைகள் எல்லாம் எடுத்துப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொன்ன பிறகு, ‘வீட்டிலோ பள்ளியிலோ ஏதாவது மனவருத்தம் இருக்கிறதா?’ என்று கேட்டார். தூக்கம் குறைந்திருந்தது, சாப்பாடு குறைந்திருந்தது, ஓவியம் வரைவதை எப்போது நிறுத்தினாள் என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆலோசகரைப் பார்க்கலாம் என்று முடிவான பின், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து புதுச்சேரிக்குப் போகத் தீர்மானித்ததற்கு ஒரே காரணம், ஊரார் வாய். கடலூர்க்காரர்கள் ஜிப்மர் மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் புதுச்சேரிக்குப் போய் வந்துகொண்டே இருப்பவர்கள் என்பதால், ரெட்டிச்சாவடி தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகச் செல்லும் பேருந்தில் தாயும் மகளும் சனிக்கிழமை உட்கார்ந்திருப்பதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

முதல் அமர்வில் ஆலோசகர் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. என்னையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து, இந்த அறையில் பேசப்படுவதில் எது அம்மாவுக்குத் தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது என்பதை அவளைப் பார்த்தே சொன்னார். அவள் தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் இருந்தாலோ, யாராவது அவளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருந்தாலோ மறைக்க முடியாது. மற்றவை அவளுடைய அனுமதியின்றி வெளியே போகாது. இது அவருடைய தனிப்பட்ட பெருந்தன்மை அல்ல. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக வைத்திருக்கிறது; சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் சட்டத்தில் இருப்பதைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் புரியும் தமிழில், அவள் முகத்தைப் பார்த்து, அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு சொல்வது வேறு. கடவுச்சொல்லைக்கூடத் தன்னுடையதாக வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தவளுக்கு, தன் பேச்சு தன்னுடையது என்று ஒரு பெரியவர் உறுதி தந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவள் அடுத்த வாரம் தானாகக் கிளம்பி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அங்கே செய்யவைத்த பயிற்சிகளில் ஒன்றை மகளே எனக்குக் காட்டினாள். ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் ‘நான்’ என்று எழுதி, சுற்றிலும் தான் அன்றாடம் பழகும் ஒவ்வொருவரின் பெயரையும் நெருக்கத்துக்கு ஏற்ற தூரத்தில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அந்த நபரோடு பேசி முடித்த பத்து நிமிடத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுத வேண்டும். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே தாளில் கிடையாது. மிக நெருக்கமாக எழுதப்பட்டிருந்த பெயருக்குக் கீழே ‘கழுத்து பிடிச்ச மாதிரி, என்ன தப்பா சொன்னேன்னு யோசிப்பேன்’ என்று இருந்தது. தாளின் ஓரத்தில், கிட்டத்தட்ட விளிம்பில், பள்ளி வேனில் பக்கத்தில் உட்காரும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமியின் பெயர். அதன் கீழே ‘சிரிப்பு வரும், பசிக்கும்’. அந்தத் தாளைப் பார்த்து ஆலோசகர் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லையாம். ‘தூரத்தை நீதான் போட்டே, மாத்தணும்னா மாத்தலாம், அவசரம் இல்லம்மா’ என்றாராம்.

இந்த மையத்தை நான் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம் இந்த அணுகுமுறைதான். இம்மாதிரி நட்பைக் கண்டதும் எந்தப் பெற்றோருக்கும் வாயில் வரும் முதல் வாக்கியம், ‘இனி அவளோடு சேராதே’ என்பது. அது ஏன் உதவாது என்பதைப் பெற்றோருக்கான தனி அமர்வில் ஆலோசகர் விளக்கினார். கூடாத நட்பில் சிக்கிய பிள்ளை ஏற்கெனவே ஒருத்தியின் கட்டளைக்குப் பயந்து நடந்துகொண்டிருக்கிறாள்; அதன்மேல் இன்னொரு கட்டளையை ஏற்றினால், யாருடைய கோபத்துக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று கணக்குப் போடுவாளே தவிர, தன் விருப்பம் என்ன என்று யோசிக்கப் பழக மாட்டாள். மேலும், அதே வகுப்பில், அதே பெஞ்சில், பொதுத்தேர்வு முடியும்வரை உட்கார்ந்தாக வேண்டிய பெண்ணிடம் உறவை வெட்டிவிடச் சொன்னால், அவள் மறுநாள் காலை தனியாளாக நிற்பாள். வீட்டுக்குத் தெரியாமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போவாள், இம்முறை பொய்யும் சேர்ந்துகொள்ளும்.

தனியாக நிற்பது அந்த வயதில் ஏன் அப்படி வலிக்கிறது என்பதற்கு அவர் சொன்ன ஆய்வுகள் வெறும் அறிவுரையைவிட எங்களுக்கு உதவின. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் வடிவமைத்த ஒரு கணினி விளையாட்டில், திரையில் உங்களையும் சேர்த்து மூவர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு எறிவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி ஒதுக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பகுதிகளில் செயல்பாடு கூடியிருந்தது. 2010இல் லண்டன் ஆய்வாளர்கள் இதே விளையாட்டை வளரிளம் பெண்களிடமும் வயதுவந்த பெண்களிடமும் கொடுத்துப் பார்த்தபோது, ஒதுக்கப்பட்டதும் மனநிலை அதிகமாகச் சரிந்தது இளையவர்களுக்கே. முகம் தெரியாத இருவர் பந்தை எறியாததற்கே இந்தப் பாடு என்றால், தினமும் டிபன் டப்பாவைப் பகிர்ந்துகொள்ளும் மூவர் தன்னை விட்டுவிட்டு ஒரு குழு தொடங்கும்போது ஞாயிறு மாலை வயிறு வலிப்பது நடிப்பாக இருக்க வழியில்லை. ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் அதன் பிறகு அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

நச்சு நட்பு என்றால் ஒருத்தி வில்லி, இன்னொருத்தி அப்பாவி என்று மட்டும் புரிந்துகொள்ளக் கூடாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். நால்வரில் இன்னொரு பெண்ணோடு என் மகளுக்கு இருந்த நட்பு மிக மென்மையானது. இருவரும் இரவில் மணிக்கணக்கில் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்வார்கள். அதுவும் பாரமாகத்தான் முடிந்தது. அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002 முதல் ஆராய்ந்து எழுதிவரும் ஒரு பழக்கம் இது: இரு தோழிகள் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பப் பேசிப் பேசி, தீர்வு பக்கமே போகாமல் அதிலேயே ஊறுவது. நெருக்கம் கூடும், கூடவே சோர்வும் கவலையும் கூடும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம் இரண்டும் சேர்ந்தே வளர்வதை அவருடைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நட்பை விடச் சொல்லாமல், அழுகைக்கு ஒரு நேரம், அதன் பிறகு வேறு ஏதாவது ஒன்று என்று இருவருமே ஒப்புக்கொள்ளும்படி ஆலோசகர் வழி சொன்னார். இருவரும் இப்போது இரவில் கணக்குப் பாடம் செய்துகொண்டே பேசுகிறார்கள். கணக்கு எந்த அளவுக்கு நடக்கிறது என்பது வேறு.

ஒரு கட்டத்தில், சென்ற ஆண்டு இந்த நால்வரும் சேர்ந்து ஐந்தாவதாக இருந்த ஒரு பெண்ணை இதே முறையில் வெளியேற்றியதையும், அந்தக் கேலிச் செய்திகளில் சிலவற்றை என் மகளே எழுதியதையும் அவள் அங்கே சொல்லியிருக்கிறாள். நான் கேட்டதால் அல்ல, தன் விருப்பத்தின்பேரில் பிறகு என்னிடமும் சொன்னாள். பணம் கொடுத்து வரும் வாடிக்கையாளரின் பிள்ளையிடம் அந்தப் பக்கத்தைத் தொடாமலே ஓர் ஆலோசகர் கடந்துபோயிருக்கலாம். இவர் கடக்கவில்லை. எந்தச் சூழலில் நீ அதை எழுதினாய், எழுதாமல் இருந்திருந்தால் உனக்கு என்ன நடந்திருக்கும் என்று நிதானமாகக் கேட்டு, குழுவைக் கட்டி வைத்திருப்பது அன்பைவிட அடுத்து யார் என்ற பயம்தான் என்பதை அவள் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார். அந்த ஐந்தாவது பெண்ணிடம் அவள் மன்னிப்புக் கேட்டாளா இல்லையா என்பதை நான் விசாரிக்கவில்லை.

மற்றபடி நடைமுறைப் பயிற்சிகள் எளியவை. இரவு பத்து மணிக்குக் கைபேசி வரவேற்பறை அலமாரிக்குப் போய்விடும். எங்கள் கைபேசிகளும் அதே அலமாரிக்கு. கடவுச்சொல்லை மாற்றியதற்குத் தோழி கோபித்தால் என்ன பதில் சொல்வது என்பதை ஆலோசகர் தோழியாக நடிக்க, இவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். பெரிய எதிர்ப்பு வாக்கியம் எதுவும் இல்லை, ‘அம்மா மாத்திட்டாங்க, எனக்கும் அது சரின்னு படுது’ என்பதுதான். இரண்டாம் பாதியைச் சேர்க்கவே சில வாரங்கள் ஆயிற்று.

குறைகளுக்கு வருகிறேன். மிகப் பெரிய குறை நினைவூட்டல் செய்தி. பதிவு செய்யும்போது தொடர்புக்கென என் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். ஆனால் விண்ணப்பத்தில் பிள்ளையின் எண்ணையும் கேட்டு வாங்கியிருந்த அலுவலகம், மையத்தின் முழுப்பெயரோடும் ‘உங்கள் கவுன்சிலிங் அமர்வு’ என்ற சொற்களோடும் மகளின் கைபேசிக்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியது. பூட்டியிருந்த திரையில் மேலெழும்பிய அந்த வரியை, சிறப்பு வகுப்பில் பக்கத்தில் இருந்த அதே தோழி படித்துவிட்டாள். அந்த வாரம் வகுப்பில் என் மகளுக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயரை இங்கே எழுத மனமில்லை. புகார் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு, இனி பெற்றோர் எண்ணுக்கு நேரம் மட்டும் குறிப்பிட்டுச் செய்தி வரும் என்று மாற்றினார்கள், மாறியும் விட்டது. ஆனால் சக பிள்ளைகளின் கேலியால் காயப்பட்டவர்களும் வந்துபோகும் ஓரிடத்தில் இது முதல் நாளே யோசித்திருக்க வேண்டிய விஷயம். எந்த மையத்துக்குப் போனாலும், பதிவுப் படிவத்தில் பிள்ளையின் எண்ணைக் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

வரவேற்பறையும் அப்படித்தான். நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி போடப்பட்டிருக்கின்றன. பெயரை முழுதாக, இன்ஷியலோடு சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை காலையில் பள்ளிச் சீருடையோடு வந்து காத்திருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேசிய மனநல ஆய்வின் (2015–16) கணக்குப்படி 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர். இவ்வளவு பேருக்குத் தேவைப்படும் சேவையில், இரண்டு அமர்வுகளுக்கு இடையே பத்து நிமிடம் இடைவெளி விடுவதும் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதும் பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடுகள் அல்ல. மனச்சோர்வை அளவிடும் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது என்பதும் குறைதான், ஆலோசகர் தமிழில் படித்துக் காட்டிச் சமாளித்தார்.

கட்டணம் முதல் அமர்வுக்கு 1,200 ரூபாய், பின்னர் 900. ஓர் அமர்வு ஐம்பது நிமிடம். முன்பணமாகக் கட்டினால் பத்து அமர்வுகளைச் சலுகை விலையில் தரும் தொகுப்பு ஒன்றை வரவேற்பில் அழுத்தமாகவே விற்கிறார்கள், பணம் திரும்பக் கிடைக்காது என்பது ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு அந்த ஆலோசகரைப் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் தொகுப்பு வாங்காதீர்கள். பணத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது தகுதி. மருத்துவ உளவியலாளர் என்று போர்டு வைத்திருப்பவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு இருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. நாங்கள் கேட்டபோது ஆலோசகர் முகம் சுளிக்காமல் சான்றிதழைக் காட்டினார். ‘கவுன்சிலர்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். குறுகிய காலப் பயிற்சி முடித்தவரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்.

மாதத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் செலவிட எல்லா வீட்டாலும் முடியாது என்பதால் இதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு இணைப்பார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த வகையான ஆபத்தானாலும் குழந்தைகள் உதவி எண் 1098. புதுச்சேரி ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் கிடைக்கும் மருத்துவத் தரத்துக்கு எங்கள் மாவட்டமே சாட்சி. தொலைபேசிச் சேவைக்கு ஓர் எல்லை உண்டு: இரண்டு அறை வீட்டில், தம்பி பக்கத்தில் படித்துக்கொண்டிருக்க, பதினைந்து வயதுப் பெண் தன் தோழியைப் பற்றி அழுது பேச முடியாது. பேசுவதற்கு மொட்டைமாடியையோ, பெற்றோர் இருவரும் வெளியே போகும் அரைமணி நேரத்தையோ வீட்டார்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். நினைவூட்டல் கோளாறு இல்லாதிருந்தால் நாலரை. மகள் அந்தத் தோழியோடு இன்றும் பேசுகிறாள், குறைவாக. திங்கள் குமட்டல் நின்றிருக்கிறது. தேர்வு நெருங்கும்போது மீண்டும் எட்டிப் பார்க்கிறது. நட்புச் சிக்கலால் தூக்கம், பசி, படிப்பு பாதிக்கப்பட்ட, ஆனால் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு இந்த மையம் பொருத்தமான இடம். கையில் கீறிக்கொண்ட தழும்போ, ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற பேச்சோ தென்பட்டால், சனிக்கிழமை நேரம் காலியாகும்வரை இங்கே காத்திருக்க வேண்டாம். அன்றே 14416ஐ அழைத்துவிட்டு, மனநல மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் பிள்ளையோடு நேரில் போங்கள். இந்த மையத்தின் ஆலோசகரும் முதல் நாள் எங்களிடம் எழுதியே கொடுத்தது அதைத்தான்.